நன்றி நவிலலுக்கு மறுநாள்

அமெரிக்காவில் நவம்பரின் நான்காவது வியாழக்கிழமை வரும் நன்றி நவிலல் (Thanksgiving) பண்டிகையில், உள்ளதற்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டு, உண்ட கை காய்வதற்குள் இல்லாததை வாங்கக் கடை வாசலில் வரிசை கட்டுவதை, குடிபெயர்ந்து வந்த நாமும் வெகு விரைவில் கற்றுக்கொண்டோம். இதற்கொரு வரலாறும் உண்டு: 1939இல் அதிபர் ரூஸ்வெல்ட், வணிகர்களின் வேண்டுகோளை ஏற்று, கிறிஸ்துமஸ் விற்பனைக் காலம் நீள்வதற்காக அந்தப் பண்டிகையையே ஒரு வாரம் முன்னுக்கு நகர்த்தினார், பல மாநிலங்கள் அதை ஏற்க மறுத்ததால் எழுந்த குழப்பம் 1941ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் தீர்ந்தது. 2008இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில், பண்டிகைக்கு மறுநாள் தள்ளுபடிக்காகக் கதவை உடைத்துக்கொண்டு புகுந்த கூட்டத்தில் மிதிபட்டு ஒரு கடை ஊழியர் உயிரிழந்தார். அந்த நெரிசலில் பெரும்பகுதி இன்று கைபேசித் திரைக்குள் போய்விட்டது. நாமோ, எல்லாம் ஊரில் இருப்பவர்களுக்குத்தான் என்று சமாதானம் சொல்லியபடி, விமானத்தில் அனுமதிக்கும் எடையை மட்டுமே வரம்பாகக் கொண்டு பெட்டிகளை நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.