பெங்களூரில் ஃபிலிப்பினோ பார்சல்: எதை வாங்கலாம், எப்படிச் சூடு செய்யலாம்

ஃபிலிப்பினோ சாப்பாட்டில் நம் நாக்குக்குத் தெரியாத பொருள் குறைவு. புளி, தேங்காய்ப்பால், அரிசி மாவு, மரவள்ளி எல்லாம் நம் அடுக்களையிலும் உண்டு. பார்சல் வாங்கிவிட்டு ‘சப்பென்று இருக்கிறது’ என்பவர்கள் பெரும்பாலும் வீட்டில் அதைச் சூடு செய்யும்போதே கெடுத்திருப்பார்கள்.

முதல் தடவைக்குச் சிக்கன் அடோபோ. வினிகர், சோயா சாஸ், பூண்டு, மிளகு, பே லீஃப் என்ற வாசனை இலை. மசாலாப் பொடி எதுவும் கிடையாது. மீன் குழம்பு மாதிரி இதுவும் மறுநாள்தான் ருசி. சோற்றில் நான்கு ஸ்பூன் சாறு விட்டுப் பிசைந்தால் போதும். சாம்பார் போல ஊற்றிக்கொண்டால் உப்பும் புளிப்பும் தூக்கலாகத்தான் இருக்கும். அது சமைத்தவர் குற்றமில்லை.

வீட்டில் செய்வதென்றால் ஒரு கிலோ கோழிக்கு அரை கப் வினிகர், அரை கப் சோயா சாஸ், ஒரு முழுப் பூண்டு, ஒரு டீஸ்பூன் முழு மிளகு, 3 இலை, ஒரு கப் தண்ணீர், 40 நிமிடம் சின்ன தீ. வினிகர் ஊற்றியபின் கொதி வரும்வரை கிளறவோ மூடவோ கூடாது என்பது அந்த ஊர் வீடுகளில் சொல்லும் பாடம். பச்சை வாடை அப்போதுதான் போகும். கடைகளில் கிடைக்கும் வெள்ளை சிந்தெடிக் வினிகர் தொண்டையைக் கீறும். மங்களூர், கோவா பக்கத்துத் தென்னங்கள் வினிகர் கிடைத்தால் அதை வாங்குங்கள். டார்க் சோயா மட்டும் ஊற்றினால் கறி கரேலென்று ஆகிவிடும். இலையிலும் ஒரு குழப்பம்: நம் பிரியாணி இலையில் நீளவாக்கில் மூன்று நரம்பு, பட்டை வாசம். அடோபோவுக்கு வேண்டியது நடுவில் ஒரே நரம்பு ஓடும் பே லீஃப்.

சினிகாங் என்பது புளிச்சாறு. முள்ளங்கி, வெண்டை, கத்தரி, காராமணிக்காய், வள்ளைக்கீரை என்று காய்களைப் பார்த்தால் சாம்பார்தான். ஆனால் மஞ்சளும் தாளிப்பும் இல்லை. அங்கே பெரும்பாலும் புளியங்காயை வேகவைத்து மசித்து வடிகட்டுவார்கள். நம் பழம்புளி போட்டால் நிறம் கறுத்து, லேசாக இனிப்பும் ஏறும். பார்சல் வாங்கும்போது கீரையைத் தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் வீடு வருவதற்குள் குழைந்துவிடும்.

சைவர்கள் ஒன்றைக் கேட்டே வாங்க வேண்டும். ‘காய்கறி’ என்று எழுதியிருக்கும் பினக்பெட்டில் பாகோங் என்ற இறால் அல்லது மீன் விழுது இருக்கும். பல பதார்த்தங்களில் உப்புக்குப் பதில் பதிஸ் என்ற மீன் சாஸ். லும்பியாங் ஷாங்காய் என்ற பொரித்த ரோலுக்குள் பெரும்பாலும் பன்றி இறைச்சி. அது வந்ததும் டப்பாவைத் திறந்து வையுங்கள், இல்லையென்றால் ஆவியில் மெத்தென்று ஆகிவிடும். மைக்ரோவேவ் வேண்டாம், தோசைக்கல்லில் புரட்டி எடுங்கள்.

இனிப்புதான் நமக்குச் சொந்த வீடு. புட்டோ என்ற பெயரைக் கேட்டுப் புட்டை எதிர்பார்க்க வேண்டாம். அது இனிப்பு இட்லி. உண்மையில் புட்டுக்கு உறவு புட்டோ பும்போங்தான்: மூங்கில் குழலில் அவித்த ஊதா நிறப் பண்டம், மேலே தேங்காய்த் துருவல், கரும்புச் சர்க்கரை. அங்கே டிசம்பர் 16 முதல் 24 வரை கிறிஸ்துமஸுக்கு முந்தைய அதிகாலைப் பூசை முடிந்து தேவாலய வாசலில் வாங்கித் தின்பார்கள். இங்கே கடைக்காரரிடம் டிசம்பரில் கேட்டுப் பாருங்கள்.

பலிதாவ் நம் கொழுக்கட்டை மாவுக்குப் பக்கத்தில் வரும். பசையரிசி மாவைத் தட்டிக் கொதிநீரில் போட்டு, மிதந்ததும் எடுத்து, தேங்காய், எள், சர்க்கரையில் புரட்டுவது. பீகோவும் பசையரிசிதான், தேங்காய்ப்பாலில் வெந்து, மேலே லதிக் என்ற பொன்னிறத் தேங்காய்ப்பால் கசடு தூவி வரும். இரண்டையும் ஃப்ரிட்ஜில் வைத்தால் ரப்பராகிவிடும். அன்றே தின்று முடியுங்கள்; மிஞ்சிய பீகோவை வாழை இலையில் பொதிந்து 5 நிமிடம் ஆவியில் வைத்தால் இளகும். முட்டை வேண்டாதவர்கள் மாஹா பிளாங்கா பற்றி விசாரியுங்கள்: தேங்காய்ப்பால், சோள மாவு, சோள முத்து. லெச்சே ஃப்ளான் முழுக்க முட்டை மஞ்சள் கரு.

ஹாலோ-ஹாலோவை மட்டும் கடையிலேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள். துருவிய ஐஸ், இனிப்பு பயறு, பலா, ஊபே என்ற ஊதாக் கிழங்கு, பால் எல்லாம் சேர்ந்தது. சில்க் போர்டு சிக்னலில் அரை மணி நேரம் நின்றால் மிஞ்சுவது பயறு மிதக்கும் பால். எடுத்துத்தான் போக வேண்டுமென்றால் ஐஸையும் பாலையும் விட்டுவிட்டு மற்றதை வாங்கி, வீட்டு மிக்ஸியில் ஐஸை உடைத்துக் கொட்டிக்கொள்ளுங்கள்.