அந்த ஓகே எதற்கான ஓகே

“அந்த ஓகே எதுக்கான ஓகே, மேடம்?” என்று என் கணக்குப் பிரிவில் இருந்த மூத்த ஊழியர் ஒருவர் கேட்டு இரண்டு ஆண்டுகள் ஆகப்போகின்றன. அந்தக் குரலில் கோபம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. வவுச்சர் ஒன்றில் தேதி விடுபட்டிருந்தால் எப்படிக் கேட்பாரோ, அப்படித்தான் கேட்டார். கையில் தன் மின்னஞ்சலின் அச்சுப்படியை வைத்திருந்தார். எதையும் தாளில் எடுத்துப் படித்து, பென்சிலால் குறியிட்டால்தான் அவருக்கு மனம் ஒப்பும். தாளின் மேற்பகுதியில் என் பதில்: “ஓகே, தேங்க்ஸ்.” அதற்குக் கீழே நான்கு பத்திகளில் அவருடைய கடிதம். கடிதம் வந்த நேரம் மாலை 6:42. என் பதில் போன நேரம் 6:43.

முதல் பத்தி வங்கிக் கணக்கு ஒப்பீட்டில் சேராமல் நின்ற இரண்டு பதிவுகளைப் பற்றியது. இரண்டாவது, மாதக் கணக்கை முடிக்கும் தேதி. மூன்றாவது, புதிய மென்பொருளுக்கு மாறியபோது லெட்ஜரில் இருமுறை ஏறிவிட்ட ஒரு தொகை. நான்காவது பத்தியில்தான் அவர் தன்னைப் பற்றி எழுதியிருந்தார். தான் செய்துவந்த வேலையில் பாதி இப்போது தானாகவே நடந்துவிடுகிறது என்றும், மீதியை இளையவர்கள் தன்னைவிட விரைவாக முடித்துவிடுகிறார்கள் என்றும், இந்தப் பிரிவில் இனித் தன்னால் ஆகக்கூடியது என்ன என்று தனக்குப் புரியவில்லை என்றும், பத்து நிமிடம் நேரில் பேச முடியுமா என்றும் அதில் கேட்டிருந்தார். எல்லாம் அலுவலக ஆங்கிலத்தில், ஒரு சொல்கூட உயராத பணிவோடு. இருபது ஆண்டுகளுக்கு மேல் பிறருடைய கணக்குகளைச் சரிபார்த்த ஒருவர் இப்படி ஒரு பத்தியை எழுதுவதற்கு எத்தனை நாள் யோசித்திருப்பார் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

நான் அதைக் கைப்பேசியில், லிஃப்ட்டுக்காக நின்றுகொண்டு திறந்தேன். திரைக்குள் அடங்கியவை முதல் இரண்டு பத்திகளும் மூன்றாவதன் தொடக்கமும் மட்டுமே. திரையின் அடியில் வழக்கம்போல, மென்பொருள் தானாகப் பரிந்துரைக்கும் பதில்கள் மூன்று சிறு பெட்டிகளில் இருந்தன: “ஓகே, தேங்க்ஸ்”, “ஷ்யூர், லெட்ஸ் டாக்”, “ஸாரி, நாட் டுடே”. முதல் பெட்டியைத் தொட்டேன். அந்தச் சொற்கள் பதிலுக்கான இடத்தில் போய் உட்கார்ந்தன. அனுப்பும் குறியை அழுத்தினேன். ஆக, இரண்டு முறை தொட்டிருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் நிறுத்திவிட்டுக் கடிதத்தைக் கீழே தள்ளிப் படித்திருக்க முடியும். அன்று எனக்கு வந்த கடிதங்கள் நூறைத் தாண்டியிருந்தன என்பதையும், அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அந்த இரண்டு சொற்களே போதுமான பதிலாக இருந்தன என்பதையும் எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது உண்மைதான். ஆனால் அந்த ஒரு கடிதத்தைப் பற்றி நினைக்கும்போது மற்ற நூறும் எனக்குத் துணைக்கு வருவதில்லை.

என்னை அதிகம் அலைக்கழிப்பது இரண்டாவது பெட்டி. பேசலாம் என்ற பதில் அங்கே தயாராக இருந்தது. அப்படியென்றால் அவர் பேச விரும்புகிறார் என்பது கடிதத்தின் கடைசி வரிவரை போன மென்பொருளுக்கு ஏதோ ஒரு வகையில் எட்டியிருக்கிறது. மூன்றாவது பத்தியிலேயே நின்றுவிட்ட எனக்கு எட்டவில்லை. இயந்திரம் மனிதரை மனிதரிடமிருந்து பிரித்துவிட்டது என்று எழுதிவிட்டுப் போவது எளிது. இந்த நிகழ்ச்சியில் அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. மூன்றாவது பெட்டியைத் தொட்டிருந்தால்கூட அவர் கேட்டதற்கு அது ஒரு பதிலாக இருந்திருக்கும். இன்று இல்லையென்றால் என்றைக்கு என்று மறுநாள் கேட்டிருப்பார்.

அவரோ என் “ஓகே”வைப் பேசுவதற்கான சம்மதமாக எடுத்துக்கொண்டார். ஒரே நிமிடத்தில் பதில் வந்ததைக் கண்டு மகிழ்ந்ததாகச் சொன்னார். அந்தக் காலத்தில் கடிதத்துக்குத் தாமதமாகப் பதில் வந்தால், எழுதியவர் யோசித்து எழுதியிருக்கிறார் என்று கொள்வோம். இப்போது விரைவாக வந்தால்தான் நம்மை மதிக்கிறார் என்று கொள்கிறோம். அவர் அப்படித்தான் கொண்டார். மறுநாள் வழக்கத்தைவிட முன்னதாக வந்து, நான் அழைப்பேன் என்று காத்திருந்தார். அன்று அவருடைய இருக்கையைக் கடந்து நான் நான்கைந்து முறையாவது போயிருப்பேன்; ஒருமுறை நின்று, இருமுறை ஏறிய அந்தத் தொகையைப் பற்றியும் கேட்டேன். அவர் பதில் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். வேறு ஏதோ யோசனையில் இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டு நான் நகர்ந்துவிட்டேன். அதற்கு அடுத்த நாள்தான் அச்சுப்படியோடு வந்தார்.

அவர் கேட்டதும் நான் சொன்ன வாக்கியம் இது: “அது நான் டைப் பண்ணது இல்ல சார். கீழே தானா வரும், அதைத்தான் அழுத்தினேன்.”

அவர் தாளைப் பார்த்தார். “அப்ப நீங்க படிக்கலையா, மேடம்?”

“மேலோட்டமா பார்த்தேன் சார். இப்போ சொல்லுங்க, பேசலாம்.”

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு உட்கார்ந்து, பத்து நிமிடத்துக்கும் மேலாகவே பேசினார். பேசியது முழுவதும் லெட்ஜரைப் பற்றி. நான்காவது பத்தியை நானாக எடுத்தபோது, “அது பரவாயில்ல மேடம், ஏதோ ஒரு நாள் மனசு சரியில்லாம எழுதினது” என்று முடித்துக்கொண்டார்.

நான் ஏன் உண்மையைச் சொன்னேன்? நேர்மையால் என்றுதான் வெகு காலம் நினைத்திருந்தேன். திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கையில் அந்த நினைப்பின் மேல் நம்பிக்கை குறைகிறது. “நான் டைப் பண்ணது இல்ல” என்பதில் உண்மை இருந்தது. பழியை வேறு இடத்துக்குத் தள்ளும் அவசரமும் இருந்தது. படிக்காமல் அனுப்பிவிட்டேன், மன்னியுங்கள் என்பதும் அதே அளவு உண்மைதான். அந்த உண்மை என் வாயில் வரவில்லை. தானாக வந்த பதில் என்பது முதலில் வந்தது.

அதன் பிறகு இந்தப் பரிந்துரைப் பதில்கள் எப்படி உருவாகின்றன என்று தேடிப் படித்தேன். கூகுள் நிறுவனம் 2015 நவம்பரில் இன்பாக்ஸ் என்ற தன் மின்னஞ்சல் செயலியில் இத்தகைய வசதியை அறிமுகப்படுத்தியது. அதைப் பற்றி அதன் பொறியாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின்படி, அந்தச் செயலியில் கைப்பேசி வழியாகப் போன பதில்களில் 10 விழுக்காட்டுக்கு இந்த வசதி உதவியிருந்தது. வந்த கடிதத்துக்குக் குறும்பதில் பொருந்துமா என்பதை முதலில் கணிக்கிறார்கள். பொருந்தும் என்று பட்டால்தான், முன்பே தொகுத்து வைத்த பதில்களிலிருந்து மூன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மூன்றும் ஒரே பொருளில் அமைந்துவிடாமலும் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் பயிற்றுவித்த மென்பொருளுக்கு இணக்கமான பதில்களின் பக்கமே சாய்வு அதிகம் இருந்ததால், மூன்றில் ஒன்று மறுப்பாக வரும்படி தனியே ஏற்பாடு செய்திருந்தார்கள். என் திரையில் “ஸாரி, நாட் டுடே” இருந்ததற்கும் அதுபோன்ற ஓர் ஏற்பாடே காரணமாக இருக்கலாம். இன்னொரு செய்தியும் அவர்களே வெளியிட்டது. தொடக்க கால முன்மாதிரி, ஏறக்குறைய எதற்கும் “ஐ லவ் யூ” என்ற பதிலைப் பரிந்துரைத்ததாம். மனிதர்கள் எழுதும் பதில்களில் “தேங்க்ஸ்” போல அதுவும் மிகுதியாக வருவதால், எதைச் சொல்வது என்று உறுதியில்லாதபோது ஆபத்தில்லாத பதிலாக அது அதில் போய் ஒதுங்கியிருக்கிறது.

இதைப் படித்த அன்று வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உறுதியில்லாதபோது எல்லோரும் சொல்வதில் ஒதுங்குவதைத்தான் நானும் அந்த மாலையில் செய்தேன். இந்த வசதி வருவதற்கு முன்பும் அதைச் செய்திருக்கிறேன். “நோட்டட்” என்று கையால் தட்டச்சு செய்து அனுப்பிய பதில்கள் என் பழைய அஞ்சல்களில் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. பெட்டிகள் எனக்குப் புதிதாக ஒரு பழக்கத்தைக் கற்பித்தன என்று சொல்ல முடியாது. இருந்த பழக்கத்துக்கு ஐந்து ஆங்கில எழுத்துகளைத் தட்டும் உழைப்பு தேவைப்பட்டது. அந்த உழைப்பையும் எடுத்துவிட்டன. அந்தச் சில நொடிகளில் கண் ஒருமுறை கடிதத்தின் அடிப்பகுதிக்குப் போயிருக்கும் என்று ஒரு மனம் சொல்கிறது. போயிருக்காது என்று இன்னொரு மனம் சொல்கிறது.

அச்சடித்த பதில் என்பதாலேயே அது வெறுமையாகிவிடாது என்பதற்கு ஒரு சான்றை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். முதல் உலகப் போரில் பிரித்தானியப் படைவீரர்களுக்கு ஓர் அஞ்சலட்டை தரப்பட்டது. நான் நலமாக இருக்கிறேன், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன், உன் கடிதம் கிடைத்தது என்பன போன்ற வரிகள் அதில் அச்சிடப்பட்டிருக்கும். வேண்டாத வரிகளை அடித்துவிட்டுத் தேதியும் கையொப்பமும் மட்டும் இட வேண்டும். வேறு எதையாவது சேர்த்தால் அட்டை அழிக்கப்படும் என்று அதிலேயே எச்சரித்திருப்பார்கள். அனுப்பியவரின் சொந்தச் சொல் ஒன்றுகூட இல்லாத அந்த அட்டையைக் கையில் வாங்கிய வீட்டார், அது வெறும் படிவம் என்று தள்ளியிருப்பார்களா? இதைச் சொல்லும்போதெல்லாம் என் தரப்பு வலுவாக இருப்பதுபோல் தோன்றும். பிறகு அந்த அட்டையைக் கண்முன் கொண்டுவந்து பார்ப்பேன். ஒன்றைச் சொல்வதற்காக மற்ற வரிகளையெல்லாம் ஒருவர் பென்சிலால் ஒவ்வொன்றாக அடித்திருக்கிறார். எந்த வரியை அடிக்கிறோம் என்று படிக்காமல் அவரால் அடித்திருக்க முடியாது.

கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர் 2023இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு இன்னும் சங்கடமானது. இருவர் உரையாடும்போது பரிந்துரைப் பதில்களைப் பயன்படுத்தினால் பேச்சு விரைவாகிறது. சொற்களில் இனிமை கூடுகிறது. பயன்படுத்தியவரை மற்றவர் தனக்கு நெருக்கமானவராகவும் ஒத்துழைப்பவராகவும் உணர்கிறார். ஆனால் எதிரிலிருப்பவர் அப்படிப்பட்ட பதில்களைப் பயன்படுத்துகிறார் என்ற சந்தேகம் வந்துவிட்டால், அவரைப் பற்றிய மதிப்பு குறைகிறது. என் வழக்கோடு வைத்துப் பார்த்தால் இது என்ன சொல்கிறது? இரண்டாவது பெட்டியைத் தொட்டிருந்தால் அவர் என்னை அன்பானவராகக் கருதியிருப்பார், நான் அவருடைய கடிதத்தைப் படிக்காமலேயே. முதல் பெட்டியைத் தொட்டுவிட்டு, “பேசலாம்னுதான் சார் ஓகே சொன்னேன், வேலையில மறந்துட்டேன்” என்று பொய் சொல்லியிருந்தாலும் அவர் அந்தத் தாளை மடித்திருக்க மாட்டார். நான்காவது பத்தியைப் பேசியிருப்பார். இந்தப் பிரிவிலேயே இருந்திருப்பார் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. பொய் சொல்லியிருக்க வேண்டும் என்ற முடிவை நான் ஏற்க மறுக்கிறேன். மறுப்பதற்கான காரணம் கேட்டால், தெளிவாக எடுத்து வைக்க என்னிடம் எதுவும் இல்லை.

நான்கு மாதங்களில் அவர் வேறு கிளைக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பித்தார். காரணம் என்ற இடத்தில் “தனிப்பட்டது” என்று இருந்தது. விண்ணப்பம் என் திரைக்கு வந்தபோது அதன் கீழே இரண்டே பொத்தான்கள்: ஒப்புதல், மறுப்பு. இந்த முறை முழுவதையும் மூன்று தடவை படித்தேன். அவருடைய இருக்கைக்குப் போய், “உங்களுக்கு இதுதான் வேணுமா சார்?” என்று கேட்டேன். “ஆமா மேடம், வீட்டுக்கும் பக்கம்” என்றார். வீட்டுக்குப் பக்கம் என்பது உண்மைதான். அதை வைத்துக்கொண்டு, அவர் என்னால் போகவில்லை என்று பல இரவுகள் எனக்கு நானே ஆறுதல் சொல்லியிருக்கிறேன்.

பரிந்துரைப் பெட்டிகளை என் கைப்பேசியில் நிறுத்திவிட்டேன். பிரிவில் உள்ளவர்களையும் நிறுத்தச் சொல்லலாமா என்று யோசித்துக் கைவிட்டேன். ஆங்கிலத்தில் எழுதத் தயங்கும் ஓர் இளைஞருக்கு அந்தப் பெட்டிகள் தைரியம் தந்திருப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அவர் இப்போது யார் கேட்டாலும் உடனே பதில் போடுகிறார். முன்பு நாள் கணக்கில் ஒளிந்துகொள்வார். அவரிடம் போய் இது தவறு என்று எந்த முகத்தோடு சொல்வேன்?

சென்ற மாதம், மாற்றலாகிப் போனவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். எழுதி முடிக்க மூன்று மாலைகள் ஆயின. முதலில் அன்று நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டிருந்தேன். பிறகு, புதிய கிளையில் வேலை எப்படி இருக்கிறது என்று விசாரித்திருந்தேன். கடைசிப் பத்தியில், ஒரு நாள் நேரில் வந்து பார்க்கலாமா என்று கேட்டிருந்தேன். மறுநாள் காலை பதில் வந்தது.

“ஓகே, மேடம். தேங்க்ஸ்.”

எதற்கான ஓகே என்று கேட்க எனக்கு நா எழவில்லை. அந்த வரியைப் பலமுறை திறந்து பார்த்துவிட்டேன். நான் பார்த்தவரை அந்தப் பெட்டிகளில் “மேடம்” என்ற சொல் வந்ததே இல்லை. அதை அவர் கையால்தான் சேர்த்திருக்க வேண்டும். அதற்கு முன்னால், அவருடைய எல்லாக் கடிதங்களிலும் இருப்பதைப் போலவே, ஒரு காற்புள்ளியும் இருந்தது.