மவுத்பீஸுக்குள் இருந்த கறுப்பு

மே மாதக் கடைசியில் முட்டம் பக்கம் ஒருமுறை முங்கிவிட்டு வந்து, காற்றுச் சிலிண்டரோடு கடலுக்கடியில் முங்குகிற ஸ்கூபா சாமான்களைப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். ஜூனில் கடல் கலங்கிவிடும், எங்கள் மாவட்டத்தில் ஐப்பசி மழையும் பெய்யும், ஜனவரியில்தான் இனி இறங்க முடியும் என்று நினைத்தேன். சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரை மேலோட்டமாகக் கழுவியதோடு சரி. ஈரம் காயவே இல்லை.

ஜனவரியில் முங்கிய அன்று பகலில் ஒன்றும் தெரியவில்லை. இரவில் குளிர்காய்ச்சல், வறட்டு இருமல், நெஞ்சு இறுக்கம். இரண்டு நாளில் விட்டது. அடுத்த ஞாயிறு முங்கினேன், இரவில் அதே காய்ச்சல். முதலில் பார்த்த டாக்டர் சளிக்கு மாத்திரை கொடுத்தார். மூன்றாம் முறை மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது.

அப்பா சிப்பி எடுக்க முங்கியவர். "நான் என் மூச்சத்தானே அடக்கிக்கிட்டு போவேன் மக்கா, நீ எதுல உள்ள மூச்ச இழுக்குத?" என்று கேட்டார்.

நாகர்கோவிலில் நுரையீரல் மருத்துவரிடம் அதைச் சொன்னேன். அவர் முங்கிய தேதிகளையும் காய்ச்சல் வந்த தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தார். ஸ்கேன் எடுத்த பிறகு, பூஞ்சைத் துகள் உள்ளே போய் நுரையீரல் ஒவ்வாமல் அழற்சி ஆகியிருக்கிறது என்றார். ஈர வைக்கோலைக் கிளறும் விவசாயிகளுக்கு வருவதும் இந்த வகைதானாம். அந்த ரெகுலேட்டரைத் தொடவே கூடாது என்றார், சில வாரம் மாத்திரையும் தந்தார். முங்குகிற விஷயத்தை முதல் டாக்டரிடம் நான் சொல்லவே இல்லை. அது என் தவறு.

வீட்டில் முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு பார்த்தேன். ரெகுலேட்டரில் வாயால் கவ்வும் மவுத்பீஸ் மடிப்பில் வழவழப்பு, உள்ளே டயாஃப்ரம் என்ற மெல்லிய ரப்பர் தகட்டின் அடியில் கறுப்புப் புள்ளிகள். முங்கும்போது போட்டுக்கொள்ளும், காற்று நிரப்புகிற மிதவைச் சட்டைக்குள்ளிருந்து நாற்றத்தோடு தண்ணீர் வடிந்தது. அந்தச் சட்டையிலிருக்கும் காற்றை அவசரத்துக்குக்கூட இழுக்கக் கூடாது. சிலிண்டரையும் சோதிக்கக் கொடுத்தேன். இரும்புச் சிலிண்டருக்குள் ஈரம் இருந்தால் துரு பிடிக்கும், அந்தத் துரு உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். இது பூஞ்சையைவிட பயங்கரம்.

மவுத்பீஸும் டயாஃப்ரமும் புதிதாக மாற்றினேன். மற்றதைப் பயிற்சி பெற்ற ஒருவர் பிரித்துச் சுத்தம் செய்தார். இப்போது முங்கி வந்ததும் முதல் வேலை, ரெகுலேட்டர் சிலிண்டரில் மாட்டும் வாய்க்கான தூசி மூடியைத் துடைத்து இறுக்கிவிட்டு, அதை நல்ல தண்ணீரில் ஊறப்போடுவது. அப்போது காற்றைத் திறந்துவிடும் பர்ஜ் பட்டனை அழுத்துவதில்லை, அழுத்தினால் தண்ணீர் குழாய் வழியே மேலே ஏறிவிடும். சட்டைக்குள்ளும் தண்ணீர் விட்டுக் குலுக்கி வடித்து, பாதி ஊதி நிழலில் தொங்கவிடுகிறேன். நன்றாகக் காய்ந்த பிறகுதான் எடுத்து வைப்பேன், அதுவும் காற்றோட்டமுள்ள வலைப்பையில்.

மருத்துவர் சரி என்ற பிறகு ஒருமுறை முங்கினேன். அன்று நள்ளிரவு வரை அப்பா என் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சூடு இல்லை.