சின்ன ஊரில் ஒரு சிச்சுவான் அடுப்பு

ஜனவரி 12, திங்கள்

கடைக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. முன்பு பேக்கரி இருந்த இடம், சுவரில் இன்னும் வெண்ணெய் வாசனை போகவில்லை. கடைத்தெருவிலிருந்து ஒரு திருப்பம் தள்ளி இருப்பதால் வாடகை கட்டுப்படியாகிறது. ஆனால் போகிற வருகிறவர்கள் தற்செயலாக நுழைகிற இடம் இல்லை. தேடித்தான் வரவேண்டும்.

ஊரில் ஏற்கெனவே 'சைனீஸ்' கிடைக்கிறது. இனிப்பும் புளிப்புமாகச் சிவப்புக் குழம்பு, பொரித்த கோழி, வதக்கிய சோறு. அதைப் போலி என்று திட்டுகிற ஆள் நான் இல்லை. பிழைக்கப் போன சீனர்கள் போன இடத்தில் கிடைத்ததை வைத்து, அங்கிருந்தவர்கள் நாக்குக்கு ஏற்றபடி சமைத்ததில் பிறந்த சாப்பாடு அது. நான் போட நினைப்பது வேறு. சீனாவின் சிச்சுவான் மாகாணத் தலைநகர் செங்டூவில் ஒரு சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த இரண்டு வருடமும் மதியத்தில் என்ன சாப்பிட்டேனோ, அது. மாபோ டோஃபு என்கிற காரமான சோயாக்கட்டிக் குழம்பு, இரண்டு முறை சமைத்த பன்றி இறைச்சி, தான்தான் நூடுல்ஸ், வதக்கிய கீரை, வெள்ளைச் சோறு.

கேட்டவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "இங்கே ஓடாது."

ஜனவரி 29, வியாழன்

கடை வைக்கப்போகிறவர்கள் மேசை நாற்காலி பற்றி யோசிப்பார்கள். நான் பதினேழு நாளாக எரிவாயுக் குழாயைத் தவிர வேறு எதையும் யோசிக்கவில்லை.

வீட்டு அடுப்பின் பெரிய பர்னர் 3 முதல் 5 கிலோவாட். சீன வாணலி அடுப்பு 30 கிலோவாட், அதற்கு மேலும் போகும். எங்களுக்கு அப்படி இரண்டு வேண்டும். பேக்கரியில் இருந்தது மின்சார அடுப்பு, எனவே உள்ளே வரும் குழாய் ஒல்லி. அதை மாற்ற வேண்டும், அனுமதி வாங்க வேண்டும், தரையைத் தோண்ட வேண்டும். அடுப்பு வாங்கும் செலவைவிட அடுப்புக்கு வழி விடும் செலவு அதிகம்.

ஏன் இந்தச் சூடு? வாணலி பெருஞ்சூட்டில் இருந்தால்தான் காயிலிருந்து கசியும் நீர் அந்தக் கணமே ஆவியாகும். சூடு குறைந்தால் நீர் தேங்கும், காய் தன் சாற்றிலேயே வெந்து துவண்டுவிடும். தென்சீனத்துக் கான்டனியர்கள் 'வொக் ஹேய்' என்று சொல்லும் அந்தப் புகைவாசனை இங்கிருந்துதான் வருகிறது. மசாலாப் பொட்டலத்தில் கிடைக்காது.

பிப்ரவரி 13, வெள்ளி

புகைபோக்கி மாட்டியவர் பெரிய விசிறி போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். ஓட்டிப் பார்த்தோம். புகை ஜோராகப் போனது. ஆனால் வாசல் கதவைத் திறக்க முடியவில்லை. வெளியே தள்ளுகிற அளவுக்குக் காற்று உள்ளே வர வழி வைக்க மறந்துவிட்டார். கடையே ஒரு உறிஞ்சுகுழல் ஆகிவிட்டது. அடுப்பைப் பற்றவைத்திருந்தால் சுடர் சாய்ந்து கிடந்திருக்கும். காற்று உள்ளே வர இன்னொரு துளை, இன்னொரு வாரம்.

மார்ச் 9, திங்கள்

ஷிஃபு வந்துவிட்டார். சீனப் புத்தாண்டின் 15ஆம் நாள் விளக்குத் திருவிழா முடியாமல் கிளம்பமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தார். ஷிஃபு என்பது பெயர் இல்லை. கைத்தொழிலில் தேர்ந்தவரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள், சமையலறை முழுக்க அந்தச் சொல்தான். என்னை 'லாவ்பான்' என்கிறார். முதலாளி என்று பொருள். செங்டூவில் இவரிடம்தான் வெங்காயத்தாள் நறுக்கத் தெரியாமல் திட்டு வாங்கினேன். எனவே அந்த 'லாவ்பான்' மரியாதையா கிண்டலா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கடையைச் சுற்றிப் பார்த்தார். வாணலிகளைத் தட்டிப் பார்த்தார். பிறகு கொண்டுவந்த கத்தியைத் துணியிலிருந்து பிரித்து வைத்தார். சரி, இருக்கப்போகிறார்.

மார்ச் 10, செவ்வாய்

புது வாணலிகளைப் பழக்கினோம். கார்பன் எஃகு. துருப்பிடிக்காமலிருக்கத் தொழிற்சாலையில் பூசிய பூச்சை எரித்து, இரும்பு நீலமாகும்வரை காய்ச்சி, கழுவி, எண்ணெய் தேய்த்து, மறுபடி காய்ச்சி. நாள் முழுக்க இதே வேலை. கண் எரிகிறது. இன்று அவ்வளவுதான்.

மார்ச் 17, செவ்வாய்

சரக்கு வந்தது. நகரத்து மொத்த வியாபாரி வாரம் ஒரு முறைதான் இந்தப் பக்கம் வண்டி விடுகிறார், அதுவும் குறைந்தபட்ச அளவுக்கு எடுத்தால். நடுவில் ஏதாவது தீர்ந்தால் தீர்ந்ததுதான். பெருநகரத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை புரியாது.

இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள், கத்திரிக்காய், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு எல்லாம் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். விட்டுக்கொடுக்க முடியாதவை இரண்டு. ஒன்று பீசியன் தோபன்ஜியாங். பெரிய அவரைப் பருப்பும் மிளகாயும் உப்பும் சேர்த்து ஜாடியில் ஊறப்போட்டு, வெயிலில் திறந்து வைத்து, மழைக்கு மூடி, தினமும் கிளறி, வருடக் கணக்கில் முதிர விடும் விழுது. மூடியைத் திறந்ததும் ஷிஃபு முகர்ந்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லவில்லை என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று ஹுவாஜியாவ், சிச்சுவான் மிளகு. மிளகு என்று சொல்கிறோமே தவிர அது மிளகும் இல்லை, மிளகாயும் இல்லை, எலுமிச்சைக் குடும்பம். கறுப்பு விதையைப் பொறுக்கி எறிந்துவிட்டு மேல்தோலை மட்டும் வறுத்துப் பொடிக்க வேண்டும். உறைக்காது, உதட்டை மரக்கவைக்கும், மெல்லிசாக அதிரவைக்கும். 2013இல் லண்டனில் இந்த அதிர்வை அளந்து பார்த்து, வினாடிக்கு ஏறத்தாழ 50 துடிப்பு என்றார்கள். வறுத்துப் பொடிக்கும் வேலை என்னுடையது.

மார்ச் 26, வியாழன்

மெனு சண்டை. நான் அறுபது உணவு எழுதி வைத்திருந்தேன். ஷிஃபு பதினெட்டாக வெட்டினார். "இரண்டு வாணலி, இரண்டு கை" என்றார். நியாயம்தான்.

அடுத்த சண்டை பெயரில். 'யூசியாங்' கத்திரிக்காய் என்றால் 'மீன்மணக் கத்திரிக்காய்'. அதில் மீன் கிடையாது. மீன் சமைக்கும்போது சேர்க்கும் ஊறுமிளகாய், இஞ்சி, பூண்டு, சர்க்கரை, வினிகர் எல்லாம் இதில் சேர்வதால் அந்தப் பெயர். அப்படியே எழுதினால் சைவம் சாப்பிடுகிறவர்கள் தொடமாட்டார்கள், மீனுக்கு ஆசைப்பட்டுக் கேட்டவர்கள் சண்டைக்கு வருவார்கள். கடைசியில் 'யூசியாங் கத்திரிக்காய்' என்று மட்டும் போட்டு, கீழே சின்ன எழுத்தில் 'மீன் இல்லை' என்று எழுதினோம். மெனுவில் இல்லாததைப் பற்றி அறிவிப்பு வைத்த முதல் கடை நாங்களாகத்தான் இருப்போம்.

ஏட்டிக்குப் போட்டியாக நான் ஒன்று கேட்டேன்: "மிளகாயே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. சீனாவில் அதைப் பற்றிய முதல் குறிப்பு 1591இல், அதுவும் அழகுச் செடியாக. அப்படியானால் எது அசல்?" ஷிஃபு உருளைக்கிழங்கை நூல் நூலாக நறுக்குவதை நிறுத்தவில்லை. "இதுவும் அங்கிருந்துதான் வந்தது. கழுவுங்கள், மாவு போகட்டும்" என்றார்.

ஏப்ரல் 4, சனி

திறந்துவிட்டோம்.

முப்பத்தொரு பேர் வந்தார்கள். எல்லோரும் ஆளுக்கொரு தட்டு கொண்டுவரச் சொன்னார்கள். எங்கள் உணவு அப்படிச் சாப்பிடுவதற்கானது இல்லை. நாலு பேர் வந்தால் நாலைந்து தட்டு நடுவில் இருக்கும், எல்லோர் சோறும் எல்லாவற்றோடும் போகும். ஒருவர் முழுத் தட்டு மாபோ டோஃபுவைச் சோறு இல்லாமல் கரண்டியால் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி வெறும் கீரையோடு. பார்க்கவே பாவமாக இருந்தது.

ஒன்பது மணிக்கு அந்த மனிதர் எழுந்து நின்றார். உதடு மரத்துவிட்டது, ஏதோ ஒவ்வாமை, மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்றார். முகம் வெளுத்திருந்தது. எனக்கு அதைவிட. நான் விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் கால்மணி நேரத்தில் மரப்பு தானாக அடங்கியது. சிரித்துக்கொண்டேதான் போனார். ஆனால் மற்ற மேசைகள் பார்த்துக்கொண்டிருந்தன.

ஏப்ரல் 16, வியாழன்

நேற்று ஒன்பது பேர். இன்று ஆறு. வந்தவர்களில் ஒருவர் எம்.எஸ்.ஜி., அதாவது அஜினோமோட்டோ, சேர்க்கிறீர்களா என்று கேட்டார். சேர்க்கிறோம், கொஞ்சம். 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்த பொருள். 1968இல் ஒரு மருத்துவ இதழுக்குப் போன கடிதத்தில் தொடங்கிய, அது உடம்புக்கு ஆகாது என்கிற பயம் இன்னும் சீனக் கடை வாசலில் மட்டும் நிற்கிறது. உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டிடம் யாரும் கேட்பதில்லை. இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. "ஆமாம், வேண்டாம் என்றால் போடமாட்டோம்" என்றேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன்.

மாபோ டோஃபு மேலே கடைசியாக ஹுவாஜியாவ் பொடி தூவி மேசைக்கு அனுப்புவது நான். திறந்த மறுநாளே பாதியாகக் குறைத்தேன். அந்த வாரக் கடைசியில் ஒரு சிட்டிகை. போன வாரம் முழுக்கத் தூவவே இல்லை. யாரும் குறைக்கச் சொல்லவில்லை. அந்த மனிதரின் வெளுத்த முகம்தான் மனதில்.

இன்று சரக்குக் கணக்கு பார்க்கும்போது ஷிஃபு பொடி ஜாடியைக் கையில் எடுத்தார். "லாவ்பான், டோஃபு எத்தனை போனது?"

நாற்பத்து மூன்று என்றேன்.

"அப்புறம் இது ஏன் காலியாகவில்லை?"

பதில் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. செங்டூவில் 1862இல் தொடங்கியதாகச் சொல்லும் ஒரு கடையில், முகத்தில் அம்மைத் தழும்பு இருந்த ஒரு பெண்மணி செய்த உணவு அது. 'மாபோ' என்பதே அந்தத் தழும்பைச் சொல்லும் பெயர்தான். அதன் தர்மமே மரப்பு, காரம், சூடு மூன்றும்தான். அதில் ஒன்றை எடுத்துவிட்டு அசல் உணவு என்று பலகை வைத்திருக்கிறேன். சத்தமில்லாமல் நானும் இன்னொரு சிவப்புக் குழம்பு காய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தச் சிவப்புக் குழம்பையாவது சாப்பிடுகிறவர்கள் நாக்கு கேட்டது என்று செய்தார்கள்.

ஜாடியை என் பக்கம் நகர்த்திவிட்டு ஷிஃபு கேட்டது இவ்வளவுதான்: "அவர்களுக்கு உதடு மரக்கும் என்று முன்பே சொன்னீர்களா?"

இல்லை. சொல்லவில்லை.

மே 2, சனி

இப்போது மேசையில் உட்கார்ந்ததும் ஒரு சின்னக் கிண்ணம் போகிறது. அதில் ஆளுக்கு ஒரு ஹுவாஜியாவ் தோல். "முன்பல்லால் கடியுங்கள், அரை நிமிடம் பொறுங்கள்." அந்த அரை நிமிடத்தில் கடை அமைதியாகிறது. பிறகு யாராவது ஒருவர் சிரிக்க ஆரம்பிப்பார். குழந்தைகள் இன்னொன்று கேட்கிறார்கள். பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காரமே இல்லாத உணவு ஆறு இருக்கிறது. சிச்சுவான் என்றாலே நெருப்பு என்பது வெளியில் உள்ள நினைப்பு.

ஆளுக்கொரு தட்டு சொல்லும் பழக்கத்துக்கும் வழி கிடைத்தது. இரண்டு பேருக்கு, நாலு பேருக்கு என்று மேசைக் கணக்கில் எழுதினோம். சோறு தானாக வரும். பொடி இப்போது முழு அளவு. ஜாடி ஐந்து நாளில் காலி.

மே 14, வியாழன்

எதிர்பாராத ஒன்று. மூன்று மணிக்குக் கூட்டம் ஓய்ந்ததும் நாங்கள் நாலு பேரும் ஓரத்து மேசையில் சாப்பிடுவோம். இன்று தக்காளியும் முட்டையும் வதக்கியது. சீனாவில் வீட்டுக்கு வீடு செய்வது, சமையல் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் முதலில் செய்வது. தாமதமாக வந்த ஒரு பெண்மணி மெனுவை மூடி வைத்துவிட்டு எங்கள் தட்டைக் காட்டி, "அது கிடைக்குமா?" என்றார்.

அதை மெனுவில் போட எனக்குத் தோன்றவே இல்லை. காரம் இல்லை, கதை இல்லை, அயல்நாட்டு ஜாடி எதுவும் வேண்டாம். அசல் என்றால் கொஞ்சமாவது மிரட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன் போல. ஷிஃபு எழுந்து போய் அவருக்குத் தனியாக ஒரு தட்டு செய்து கொடுத்தார்.

மே 30, சனி

வாசலில் கரும்பலகை வைத்து இரண்டு வாரம் ஆகிறது. 'இன்று நாங்கள் சாப்பிடுவது' என்று எழுதி, கீழே அன்றைய பணியாளர் சாப்பாட்டின் பெயர். இன்று நாற்பத்தெட்டு பேர் வந்தார்கள். முதல் நாள் உதடு மரத்துப் போன மனிதரும் மனைவியோடு வந்தார். கிண்ணத்திலிருந்து இரண்டு தோல் எடுத்து, பக்கத்து மேசைக்காரருக்கு எப்படிக் கடிப்பது என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

இரண்டரை மணிக்கே கரும்பலகைச் சாப்பாடு தீர்ந்துவிட்டது. எங்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. வேறு வழியில்லாமல் மெனுவிலிருந்தே மாபோ டோஃபு போடச் சொன்னேன். ஷிஃபு வாணலியை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பி, முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டார்.

"லாவ்பான், உங்களுக்கு ஹுவாஜியாவ் குறைத்துப் போடட்டுமா?"