12 சூ கொடுத்து ஒரு பேருந்துப் பயணம்

சிமோன் வெய்லின் தொழிற்சாலை நாட்குறிப்பை நேற்று ராத்திரி திரும்பவும் எடுத்தேன். அவர் பிரான்ஸில் தத்துவ ஆசிரியை. 1934 டிசம்பரில், 25 வயதில், பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் பாரிஸில் ஒரு மின் இயந்திரத் தொழிற்சாலையில் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்தார். அடுத்த கோடையில் ரெனோ கார் தொழிற்சாலை.

நாட்குறிப்பில் பக்கம் பக்கமாகக் கணக்கு. இத்தனை உருப்படி, இத்தனை நேரம், இவ்வளவு கூலி. தத்துவம் படித்தவர் எழுதியதா இது என்று முதல் தடவை படித்தபோது ஏமாற்றமாகத்தான் இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. யோசித்தால் கை வேகம் குறையும், வேகம் குறைந்தால் கூலி குறையும். யோசிக்காமல் இருந்துவிடலாம் என்ற ஆசை தனக்கே வந்ததென்று அவர் எழுதியிருக்கிறார்.

ஒரு இடம் மட்டும் என்னை விடவே மாட்டேன் என்கிறது. பல் மருத்துவரைப் பார்த்துவிட்டுப் பேருந்தில் ஏறுகிறார். திடீரென்று அவருக்கே ஆச்சரியம். அடிமையான நானும் எல்லோரையும் போல 12 சூ காசு கொடுத்து இதில் போகலாமா? (சூ என்பது அந்தக் காலத்துப் பிரெஞ்சுச் சில்லறைக் காசு.) யாராவது அதட்டி இறக்கிவிட்டிருந்தால்கூட அது இயல்பாகத்தான் தோன்றியிருக்கும் என்கிறார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை!

நினைத்தால் வகுப்பறைக்குத் திரும்பிவிடக்கூடியவர் அவர். அவருக்கே இப்படி. பக்கத்து இயந்திரத்தில் வருடக்கணக்காக நின்ற பெண்கள் அதே பேருந்தில் ஏறும்போது என்ன நினைத்திருப்பார்கள்? நேற்றிலிருந்து அதுவேதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.