பிளாக் பெல்ட் தேர்வும் உயரமான உதையும்: நிற்கும் காலிலிருந்து தொடங்குங்கள்

பிளாக் பெல்ட் தேர்வின் முடிவு சென்ற வாரம் வந்தது, தேர்ச்சி பெற்றுவிட்டேன். முப்பது வயதைத் தாண்டிய பிறகு ராயபுரத்தில் கராத்தே கற்கத் தொடங்கிய எனக்குக் கட்டாவும் (வரிசைமுறையான அசைவுகள்) குமித்தேயும் (எதிராளியோடு மோதுதல்) தந்த கவலையைவிட மாவாஷி கெரி, அதாவது காலைப் பக்கவாட்டிலிருந்து சுழற்றி உதைக்கும் உதை, தந்த கவலையே பெரிது. பத்து வயதுப் பிள்ளைகள் சிரமமே இல்லாமல் தலை உயரத்துக்கு உதைக்கும் வகுப்பில், என் கால் நெடுங்காலம் வயிற்று உயரத்தோடு நின்றுபோனது. பிளாக் பெல்ட்டுக்கு முந்தைய பிரவுன் பெல்ட்டில் இதே இடத்தில் தேங்கி நிற்கும் பெரியவர்கள் வடசென்னை வகுப்புகளில் நிறையப் பேர் இருப்பதால், எனக்குப் பயன்பட்டதை நினைவு மங்குமுன் எழுதிவிடுகிறேன்.

என் உதையை உயர்த்தியது, உதைக்கும் கால் அன்று. தரையில் நிற்கும் காலின் குதிகால். காலை நேராகப் பக்கவாட்டில் தூக்கினால் ஓர் அளவுக்கு மேல் அது ஏறாது. தொடை எலும்பின் மேற்பகுதி இடுப்பெலும்பின் விளிம்பில் முட்டுவதே அதற்குக் காரணம். தசை எவ்வளவு இளகியிருந்தாலும் எலும்பு வழிவிடாது. நிற்கும் பாதம் திரும்பினால் இடுப்பு திரும்பும், இடுப்பு திரும்பினால் தொடை எலும்பு முட்டாமல் மேலேறும். நடு உயரத்துக்கு உதைக்கும்போது குதிகால் கால்வட்டமாவது திரும்ப வேண்டும். தலை உயரத்துக்கு உதைக்கும்போது அது ஏறத்தாழ எதிராளியையே நோக்கி நிற்க வேண்டும். பாதம் திரும்பாமல் உடல் மட்டும் திரும்பினால் அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்குகிறது, முழங்கால் சவ்வு கிழிவதற்கு அது போதும். எங்கள் மாஸ்டர் வகுப்புதோறும் ஒன்றையே சொல்வார்: "தூக்குற காலை விடும்மா, நிக்கிற காலைப் பாரு."

இதற்கு இடையூறாக இருப்பது பெரும்பாலும் நாம் பயிற்சி செய்யும் தரை. எங்கள் பகுதியில் மொட்டை மாடிதான் பலருக்கும் பயிற்சிக்கூடம். காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் உப்புக்காற்றில் தட்டோடுகள் அரித்துச் சொரசொரப்பாகிக் கிடக்கும்; அவற்றின்மேல் முன்பாதத்தை ஊன்றித் திரும்பினால் பெருவிரலுக்குக் கீழே தோல் உரிந்துவிடும். அந்த எரிச்சலை ஒருமுறை அறிந்த உடல், நமக்குத் தெரியாமலேயே பாதித் திருப்பத்தில் நின்றுகொள்ளப் பழகிவிடுகிறது. மாநகராட்சித் திடலின் மணலில் பாதம் புதைகிறது. தேர்வு நடக்கும் மேட் விரிப்பிலோ வியர்த்த பாதம் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே திருப்பத்தை மட்டும் வீட்டு மொசைக் தரையில் தனியாகப் பழகுங்கள். சாக்பீஸால் ஒரு நேர்க்கோடு போட்டு, அதன்மேல் விரல்கள் முன்னோக்கி இருக்கும்படி நின்று, குதிகாலைத் தரையிலிருந்து ஒரு காகிதம் நுழையும் அளவுக்கு மட்டும் தளர்த்தி, குதிகால் கோட்டின் முன்முனையை நோக்கும்வரை திரும்ப வேண்டும். உதைக்கவே வேண்டாம். முழங்காலை மடக்கித் தூக்கும் அதே நொடியில் திருப்பமும் தொடங்குவது பழக்கமாகும்வரை இதை மட்டுமே செய்யுங்கள். திரும்பி முடித்ததும் குதிகாலை ஊன்றிவிட வேண்டும் என்பது எங்கள் வகுப்பின் முறை. உங்கள் பாணியில் எப்படி என்பதை உங்கள் மாஸ்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் தனியே செய்ய வேண்டியவை:

- ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவான மாவாஷி. முழங்காலைத் தூக்கி நிறுத்துங்கள், நீட்டுங்கள், ஐந்து எண்ணும்வரை நிறுத்துங்கள், மடக்குங்கள், பிறகே தரையில் வையுங்கள். நாள்தோறும் செய்ய வேண்டியது இது ஒன்றுதான்.
- நாற்காலியின் முதுகுப்பலகைக்கு மேலாக முழங்காலைக் கடத்தி உதைத்தல். முழங்கால் ஏறாத உயரத்துக்குப் பாதம் ஏறாது.
- தரையில் கால் நீட்டி அமர்ந்து, கைகளைத் தொடைகளின் இருபுறமும் ஊன்றி, நீட்டிய காலை ஒரு தண்ணீர் பாட்டிலுக்கு மேலாக இங்குமங்கும் கடத்துதல். இடுப்பின் முன்புறத் தசை சில நொடிகளிலேயே பிடித்துக்கொள்ளும். காலை உயரத்தில் தாங்க வேண்டிய தசை அதுதான்.
- பயிற்சிக்கு முன் கால் வீசல் மட்டும். நீட்டிப் பிடித்து நிறுத்தும் ஸ்ட்ரெச்சிங்கைப் பயிற்சி முடிந்த பிறகு, ஒவ்வொன்றும் முப்பது நொடி. உதைப்பதற்கு முன் ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் நீட்டிப் பிடித்தால் அதன் வேகம் சற்றுக் குறைகிறது.

ஸ்பிளிட், அதாவது கால்களை முழுவதும் விரித்துத் தரையில் அமர்வது பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. முன்பு நான் பயின்ற ஒரு வகுப்பில், சுவரோரம் கால்களை விரித்து உட்காரவைத்து, பின்னாலிருந்து ஒருவர் முதுகை அழுத்துவார். அப்படி அழுத்தப்பட்டதில் தொடையின் உட்புறத் தசை இழுத்துக்கொண்டு, ரயில்வே பாலத்தின் படிகளைக்கூட ஏற முடியாமல் தவித்திருக்கிறேன். பிறர் எடையால் விரியும் கால், நம் சொந்த வலிமையால் காற்றில் நிற்பதில்லை. தரையில் முழு ஸ்பிளிட் போடும் சிலரால் தலை உயரத்துக்கு மெதுவாக உதைக்க முடியாததும், ஸ்பிளிட்டே வராத சிலர் அழகாக உதைப்பதும் இதனால்தான். உங்களை அழுத்த யாரையும் அனுமதிக்காதீர்கள். மாஸ்டரின் மேல் மரியாதை வைத்துக்கொண்டே இதை மறுக்கலாம், நான் மறுத்தேன்.

தேர்வில் கிஹோன் (அடிப்படை அசைவுகள்) முழுவதும் முடிந்து, முன்காலை மடக்கி நிற்கும் ஜென்குட்சு நிலையிலேயே நின்று தொடைகள் கனத்துப்போன பிறகுதான் உதைகள் வந்தன. எனவே வீட்டிலும் உதைப் பயிற்சியைக் கடைசியில், களைத்த கால்களோடு செய்து பழகுவது நல்லது. தேர்வாளர் எங்களை வேகமாக உதைக்கச் சொல்லவில்லை. ஜப்பானிய மொழியில் ஒன்று, இரண்டு என எண்ணினார். "இச்சி" என்றதும் முழங்காலைத் தூக்கி நிற்க வேண்டும். "நி"க்கு நீட்டல், "சான்" என்றால் மடக்கல், "ஷி"க்குத் தரை. ஒவ்வோர் எண்ணுக்கும் இடையே அவர் வரிசையின் ஊடாக நடந்து, குனிந்து, எங்கள் நிற்கும் பாதங்களைப் பார்த்தார். வேகத்தால் காலை மேலே எறிந்து பழகிய இளைஞர்கள் "நி"யிலேயே தள்ளாடினார்கள். எனக்கு அது ஜன்னல் கம்பியருகே செய்த அதே வேலையாக இருந்தது. என் கால் தோள் உயரத்தில் நின்றது. நடுங்கியது, ஆனால் இறங்கவில்லை.

உயரத்துக்காக வடிவத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். போட்டிக் குமித்தேயில் தலைக்கு விழும் உதைக்கு 3 புள்ளி, உடலுக்கு விழும் உதைக்கு 2 புள்ளி என்பதால் எல்லோருக்கும் ஜோதான்மேல் (தலை உயர உதை) ஆசை. ஆனால் பெல்ட் தேர்வு ஒரு போட்டி அல்ல. உடம்பு பின்னால் சாய்ந்து, கை தொங்கி, காலை மடக்காமல் கீழே போடும் ஜோதான் உதையைவிட, நிமிர்ந்து நின்று மடக்கி இழுக்கும் சூதான் (நடு உயர) உதைக்கே மதிப்பு.

மற்ற உதைகளுக்குச் சுருக்கமாக: மே கெரியில் (முன்னோக்கிய உதை) நிற்கும் குதிகால் எழும்பக் கூடாது, உயரத்துக்காக எம்பினால் உடல் பின்னே சாயும். விரல்களை மேல்நோக்கி மடக்கி முன்பாதத்தால் உதையுங்கள். யோகோ கெரி கெகோமிக்கு (பக்கவாட்டில் குத்தித் தள்ளும் உதை) மாவாஷியைப் போலவே குதிகால் இலக்கை நோக்க வேண்டும். ஷோட்டோகான் பாணி பயில்வோர் ஹெயான் நிதான், ஹெயான் யோந்தான் கட்டாக்களில் செய்யும் கெஅகேயில் (பக்கவாட்டில் மேல்நோக்கி வீசும் உதை) திருப்பம் மிகக் குறைவு. அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தேர்வுக்கு முந்தைய மூன்று நாட்கள் உதையை விட்டுவிட்டுக் கால் வீசலோடு நிறுத்துங்கள். பையில் ஒரு பழைய பருத்தித் துண்டு வைத்துக்கொண்டு, உதைகளுக்கு முன் அனுமதி கேட்டு உள்ளங்கால்களைத் துடைத்துக்கொள்ளுங்கள். தோல் உரிந்திருந்தால் பிளாஸ்திரியை முதல் நாள் இரவே ஒட்டிப் பாருங்கள். புதிதாக ஒட்டியது மேட் விரிப்பில் சுருண்டு, திருப்பத்தைத் தடுக்கும்.