சான்சிபார் கோட்டைக்குள் ஒரு பிப்ரவரி

இசை விழா என்றாலே எனக்குக் கொஞ்சம் அலர்ஜி. ஊருக்கு வெளியே ஒரு பொட்டல் மைதானம், வண்டியை நிறுத்திவிட்டு அரைமணி நேர நடை, பாடுகிறவர் முகமே தெரியாமல் ராட்சதத் திரையைப் பார்த்துக் கைதட்டுவது, தண்ணீர் பாட்டிலுக்கு மூன்று மடங்கு விலை. "சான்சிபார்ல நடக்கறது அப்படி இல்லண்ணே, ஒரு கோட்டை, ஒரு வாசல், அவ்வளவுதான். பாட வந்தவன், கேக்க வந்தவன் எல்லாம் அதுக்குள்ளதான் சுத்தணும்" என்று தான்சானியாவின் தார் எஸ் சலாமில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் வருடாவருடம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஒரு பிப்ரவரியில் கிளம்பிவிட்டேன்.

விழாவின் பெயர் சவுத்தி சா புசாரா. 2004-ல் தொடங்கியது. உலகிலேயே மிகவும் நட்பான இசை விழா என்று அவர்களே விளம்பரம் செய்துகொள்கிறார்கள். விளம்பரம்தானே என்றுதான் நானும் நினைத்தேன்.

தார் எஸ் சலாம் துறைமுகத்திலிருந்து சான்சிபாருக்கு ஃபெர்ரியில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஒரே நாடுதான் என்றாலும் இறங்கியதும் பாஸ்போர்ட்டை நீட்ட வேண்டும். 1964 வரை தனி நாடாக இருந்த ஊர், அந்த வீம்பு இன்னும் மிச்சமிருக்கிறது. டாக்சிக்காரர் எந்த ஊர் என்று கேட்டார். சென்னை என்றதும் "ஓ, ஐ.ஐ.டி.!" என்றார். சென்னை ஐ.ஐ.டி. 2023-ல் இந்தத் தீவில் ஒரு வளாகம் திறந்ததன் புண்ணியம்.

ஊரின் பழைய பகுதியான ஸ்டோன் டவுன் சந்துகளில் கார் போகாது, ஸ்கூட்டர் போகும், அதுவும் நம் முழங்காலை உரசிக்கொண்டு. இருபுறமும் பவளப்பாறைக் கல்லில் கட்டிய பழைய வீடுகள். வாசலில் பித்தளைக் குமிழ் பதித்த தேக்குக் கதவுகள். குஜராத்தி வணிகர்கள், ஓமானி அரபுகள், சுவாஹிலிக் குடும்பங்கள் என்று யார் யார் வாழ்ந்தார்களோ அவரவர் ரசனை கதவில் தெரிகிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும். குஜராத்திலிருந்தும் அரேபியாவிலிருந்தும் பாய்மரக் கப்பல்கள் அந்தக் காற்றைப் பிடித்துத்தான் இங்கே வந்து சேரும். விழாவும் அதே பருவத்தில்தான். பெருமழைக்கு முந்தைய மாதம் என்பதால் வெயில் கொளுத்துகிறது. பகலில் ஒன்றும் நடப்பதில்லை என்பது பெரிய ஆறுதல்.

ஜாஸ் (Jaws) கார்னர் என்ற முச்சந்தியில் ஆண்கள் திண்ணையில் உட்கார்ந்து, சின்னக் கிண்ணத்தில் கடுங்காப்பி குடித்துக்கொண்டு டோமினோ ஆடுகிறார்கள். சுவரில் ஒரு பழைய தொலைபேசி, 'வெளிநாட்டு அழைப்பு இலவசம்' என்ற அறிவிப்போடு. ஒயர் எதுவும் கிடையாது. ரிசீவரை எடுத்துக் காதில் வைக்கும் ஒவ்வொரு வெளியூர்க்காரரையும் பார்த்து மொத்தத் திண்ணையும் சிரிக்கிறது. 'குயீன்' ராக் குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்க்குரி 1946-ல் இந்த ஊரில் பிறந்தவர், அவருக்கு ஒரு அருங்காட்சியகமும் இருக்கிறது. வாசலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

விழா நடக்கும் இடம் பழைய கோட்டை. போர்ச்சுகீசியர்களை விரட்டிய ஓமானியர்கள் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுப்பியது. பக்கத்தில் 1883-ல் சுல்தான் பர்காஷ் கட்டிய 'அதிசய மாளிகை', 2020 கிறிஸ்துமஸ் அன்று அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. கோட்டைக்குள் நுழைந்தால் ஒரு புல்வெளி, ஒரு மேடை. அதைத் தாண்டி வட்டப் படிக்கட்டுகளோடு ஒரு திறந்தவெளி அரங்கம், அங்கே இன்னொரு மேடை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போவதற்குள் ஒரு பாட்டுகூட முடியாது.

டிக்கெட் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு விலை, வெளிநாட்டுக்காரர்களுக்கு அதைப்போல் பல மடங்கு. கேட்டதும் முகம் சுளித்த ஒரு தம்பதியை வரிசையிலேயே பார்த்தேன். எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது. சுற்றுலாப் பயணிக்காக மட்டும் நடத்தும் 'பாரம்பரிய' நிகழ்ச்சிகளை எத்தனை ஊரில் பார்த்துச் சலித்திருக்கிறோம். இங்கே என் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் ஊர்க்காரர்கள். பாட்டுக்கு எங்கே சிரிக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதைப் பார்த்து நானும் சிரித்தேன். இன்னொரு விதி, எல்லாம் நேரடி வாசிப்பு. பின்னணி இசையை ஓடவிட்டு வாயசைக்கும் வேலைக்கு மேடை கிடையாது. இப்படி நடத்துவது லாபம் தருகிற தொழில் அல்ல. 2016-ல் பணம் திரளாமல் விழா நடக்கவே இல்லை. அடுத்த ஆண்டு மீண்டும் எழுந்துகொண்டார்கள்.

முதல் நாள் மாலை ஊர்வலம். பித்தளை வாத்தியங்கள், முரசுகள், கட்டைக்கால் ஆட்டக்காரர்கள், குட்டிக்கரணம் போடும் பையன்கள் எல்லோரும் ஊரைச் சுற்றிக்கொண்டு கடற்கரைக்கு வருகிறார்கள். பின்னாலேயே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். பார்ப்பவர் யார், ஊர்வலத்தில் வருபவர் யார் என்று பாதி வழியில் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நான் முக்கியமாகக் கேட்க வந்தது தாராப். சுல்தான்களின் அரண்மனைக்கு எகிப்திலிருந்து வந்து, பிறகு தெருவுக்கு இறங்கிச் சுவாஹிலியாக மாறிய இசை. இக்வானி சஃபா என்ற குழு 1905-லிருந்து இருக்கிறது. அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் சித்தி பின்த் சாத். பானை சுமந்து விற்ற ஏழைப் பெண். 1928-ல் பம்பாய்க்குக் கப்பலேறிப் போய் இசைத்தட்டுப் பதிவு செய்தார். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு பெண்ணின் குரல் தட்டில் ஏறியது அதுதான் முதல்முறை. அவரைக் கேட்டு வளர்ந்த பி கிடுடே, தள்ளாத வயதிலும் இதே விழாவில் பாடியவர், 2013-ல் மறைந்தார். ஊர்ச் சுவர்களில் இன்னும் அவர் முகம் இருக்கிறது.

வாத்தியக்காரர்கள் நிதானமாக வந்து அமர்ந்தார்கள். வயலின்கள், ஊத் என்ற அரபுத் தந்தி வாத்தியம், அக்கார்டியன், தோல் வாத்தியங்கள், நடுவில் கானூன். அது மடியில் படுக்க வைத்து வாசிக்கும் சரிவகப் பலகை, எழுபதுக்கு மேல் தந்திகள். வாசிப்பவரின் இரண்டு ஆள்காட்டி விரல்களிலும் மோதிரம், மோதிரத்துக்குள் செருகிய மெல்லிய பட்டை, அதனால்தான் மீட்டுகிறார். நான் அவரிடமிருந்து பத்தடி தூரத்தில் இருந்தேன். இரண்டு பாட்டுக்கு நடுவில் சின்னச் சாவியால் ஒரு தந்தியைத் திருகிவிட்டு, என்னைப் பார்த்து 'இப்போது சரியா?' என்பதுபோல் புருவத்தைத் தூக்கினார். நானும் பெரிய வித்வான் மாதிரித் தலையாட்டினேன்.

பாட்டு பாதியில் இருக்கும்போது, கங்கா என்கிற பளபளப்பான கிழக்கு ஆப்பிரிக்கத் துணி போர்த்திய ஓர் அம்மா எழுந்தார். கைகளை மெதுவாக அலையவிட்டு, அவசரமே இல்லாமல் ஆடியபடி மேடைக்குப் போய், பாடகி கையில் ஒரு ஷில்லிங் நோட்டைத் திணித்துவிட்டு அதே நடையில் திரும்பினார். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். நம்மூர்க் கோயில் கொடையில் கரகாட்டத்துக்கு ரூபாய் குத்துகிற மாதிரிதான், ஆனால் இங்கே சூட்சுமம் வேறு. தாராப் வரிகளுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. குறிப்பிட்ட ஒரு வரி வரும் நேரம் பார்த்து எழுந்து போனால், அந்த வரி கூட்டத்தில் இருக்கும் யாருக்கோ. துரோகம் செய்த தோழி, புருஷனை வளைத்துப் போட்டவள், வம்பு பேசும் பக்கத்து வீட்டுக்காரி, யாராகவும் இருக்கலாம். இன்று யாருக்கு என்று பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். "தெரியும், சொல்ல மாட்டேன்" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மறுநாள், இந்தியப் பெருங்கடலில் பிரான்சின் வசமுள்ள ரீயூனியன் தீவிலிருந்து வந்த ஒரு குழு. மலோயா என்பது அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளும் கூலிகளும் வளர்த்த பாட்டு. பிரெஞ்சு அதிகாரிகள் நீண்ட காலம் அமுக்கி வைத்திருந்தார்கள், 1980-களில்தான் தலை நிமிர்ந்தது. 2009-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கிட்டார்கூட இல்லாமல், பீப்பாய் போன்ற ஒரு பெரிய முரசின் மேல் ஒருவர் ஏறி உட்கார்ந்து அடிக்க, இன்னொருவர் கையில் கயம்ப். கரும்புப் பூவின் தண்டுகளை வரிசையாகக் கட்டிய தட்டையான சட்டம், உள்ளே விதைகள். இப்படியும் அப்படியும் ஆட்டினால் மழை பெய்கிற சத்தம். ஒருவர் பாட, மற்றவர்கள் திருப்பிப் பாட, அரைமணி நேரத்தில் படிக்கட்டில் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை.

நிகழ்ச்சி முடிந்து கரும்புச்சாறு வண்டியருகே கயம்ப் வாசித்தவரைப் பார்த்தேன். அந்த ஒரே வாசலின் மகிமை இதுதான். அவர் குடும்பப் பெயர் அச்சு அசல் நம் பெயர், கடைசி எழுத்து மட்டும் பிரெஞ்சில் தேய்ந்திருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்களின் வாரிசு. தமிழ் தெரியாது. தீமிதிக்கு விரதம் இருப்பாராம். கயம்பை என் கையில் கொடுத்து ஆட்டச் சொன்னார். பார்க்கச் சுலபமாக இருக்கிறதே தவிர, மணிக்கட்டு இரண்டு நிமிடத்தில் கெஞ்சுகிறது. "பாட்டு ஒரு மணி நேரம்" என்று சொல்லிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

சாப்பாடு கோட்டைக்கு எதிரே, ஃபோரோதானி கடற்கரைப் பூங்காவில். சாயங்காலமானால் பெட்ரோமாக்ஸும் புகையும். குச்சியில் குத்திய ஆக்டோபஸ், இறால் எல்லாம் அழகாக அடுக்கியிருப்பார்கள். சுற்றுலாப் பயணி என்று தெரிந்ததும் விலை ஏறும், மீனும் பல சமயம் காய்ந்துபோயிருக்கும். அதை விடுங்கள். உரோஜோ வாங்குங்கள். மாங்காய்ப் புளிப்போடு மஞ்சளாக, கொழகொழவென்ற ரசம். அதற்குள் உருளைக்கிழங்கு, பஜ்ஜி, மேலே மரவள்ளிச் சீவல், தேங்காய்ச் சட்னி, காரம். தினமும் இரவு எனக்கு அதுதான். அப்புறம் சான்சிபார் பீட்சா என்று ஒன்று விற்பார்கள். பீட்சாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மெல்லிய மாவில் கொத்துக்கறியும் முட்டையும் வைத்து மடித்துத் தோசைக்கல்லில் போட்டது. நன்றாகவே இருக்கிறது.

கடைசி இரவு சிங்கேலி. தார் எஸ் சலாம் குடிசைப் பகுதிகளில் பிறந்த இசை, நிமிடத்துக்கு 200 தாளத் தட்டுகளைத் தாண்டி ஓடும். எனக்குப் பத்து நிமிடத்தில் தலை சுற்றியது, இசை என்று ஒத்துக்கொள்ளவே மனம் வரவில்லை. ஆனால் தாராபுக்கு நோட்டு கொடுத்த அதே வயதுப் பெண்கள் எழுந்து நின்று ஆடிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா மகனும் சட்டை நனைய ஆடினான். நான் படிக்கட்டின் மேல்வரிசைக்கு ஏறிவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். தான்சானியா விசாவை இணையத்திலேயே எடுத்துவிடலாம், நமக்கு 50 டாலர். சான்சிபாருக்கென்று தனியாக 44 டாலர் காப்பீடு 2024 அக்டோபரிலிருந்து கட்டாயம், நம்மூரில் எடுத்த பயணக் காப்பீட்டைக் காட்டித் தப்பிக்க முடியாது. விழா வாரத்தில் ஸ்டோன் டவுனில் அறை கிடைப்பது கஷ்டம், கோட்டைக்கு நடக்கிற தூரத்தில் எவ்வளவு முன்னால் முடியுமோ அவ்வளவு முன்னால் பிடித்துவிடுங்கள். முஸ்லிம் ஊர், தோளும் முழங்காலும் மூடிய உடை நல்லது. சில்லறை நோட்டுகள் நிறைய வைத்துக்கொள்ளுங்கள், உரோஜோவுக்கும் ஆகும், தாராப் பாடகிக்கும் ஆகும்.